பற்றறி வண்டியா, பெற்றோல் வண்டியா? முதலில் மணலில் ஓட்டிப் பாருங்கள்

கேள்வி: மட்டக்களப்புக் கடற்கரையோரம், கதிரவெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோட்டமும் பன்னிரண்டு மாடும் இருக்கின்றன. தேங்காய், புல், சாணி ஏற்ற ஒரு சின்ன வண்டி தேவை. ஹோட்டல்களில் ஓடுகிற பகி மாதிரி, பின்னால் தட்டுப் பூட்டிய இரண்டு வண்டிகள் விலைக்கு வந்திருக்கின்றன. இரண்டும் பாவித்தவை. ஒன்று பற்றறி, மற்றது பெற்றோல். பற்றறி வண்டி மலிவு. எதை எடுக்கலாம்? வீட்டில் நிற்கிற லாண்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு மெஷினை) விற்றுவிடலாமா?

பதில்: "மலிவு" என்று நீங்கள் எழுதிய இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். பாவித்த பற்றறி வண்டியை ஒருவர் மலிவாகத் தருகிறார் என்றால், அநேகமாகப் பற்றறி முடிகிற கட்டத்தில் இருக்கும். கேட்கிற விலையோடு புதுப் பற்றறி ஒரு செற்றின் விலையையும் கூட்டிவிட்டு, அப்புறம் பெற்றோல் வண்டியோடு ஒப்பிடுங்கள்.

உங்கள் பக்கம் மணல்தான் பெரிய விஷயம், பற்றறிச் சக்தியை அது தின்றுவிடும். 48 வோல்ற் வண்டியில் பெரும்பாலும் 8 வோல்ற் பற்றறி ஆறு இருக்கும். பற்றறியின் கொள்ளளவு 150 ஆம்பியர்-மணி என்று வைத்தால், 48ஆல் பெருக்க மொத்தம் 7.2 யூனிற் (கறண்ட் பில்லில் வருகிற அதே யூனிற்). ஈயப் பற்றறியை அடிமட்டம்வரை இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும், பாதியோடு நிறுத்துவது நல்லது. ஆக, கையில் இருப்பது 3.6 யூனிற். உரிக்காத தேங்காய் 200 ஏற்றினாலே 250 கிலோவுக்குக் கிட்ட வரும். ஓட்டுபவரோடு எல்லாம் சேர்ந்து 700 கிலோ என்றால், இறுகிய கிறவல் பாதையில் 25, 30 கிலோமீற்றர் ஓடும். அதே வண்டி கால் புதைகிற மணலில் ஏழு, எட்டுக் கிலோமீற்றரிலேயே இளைத்துவிடும். சுமையும் வண்டியும் அதேதான், மணல் மட்டும் நாலு மடங்கு தின்றுவிடுகிறது. ரயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் உதவும், ஆனால் கணக்கைத் தலைகீழாக மாற்றாது.

பெற்றோல் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை, இன்னும் ஒரு லீற்றர் ஊற்றினால் போகும். ஆனால் அதிலும் ஒரு வில்லங்கம். இந்த வண்டிகளில் அநேகமானவை பெல்ற்றில் ஓடுபவை, எஞ்சினின் இழுவையைச் சில்லுப் பக்கம் கொண்டுபோவது ஒரு றப்பர் பெல்ற்தான். மணலில் சுமையோடு கிளப்பும்போது பெல்ற் வழுக்கிக் கருகின றப்பர் மணம் வரும். பற்றறி வண்டியின் மோட்டார் அப்படியல்ல, நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையைத் தரும். வாங்கமுன் பெல்ற் நம்பரைக் குறித்துக்கொண்டு போய், கடையில் கிடைக்குமா என்று கேளுங்கள்.

செலவு? ஒரு லீற்றர் பெற்றோலில் ஏறக்குறைய 9 யூனிற் சக்தி இருக்கிறது, சின்ன எஞ்சினில் சில்லுக்குப் போய்ச் சேருவது இரண்டு யூனிற்தான். அதே வேலைக்குச் சுவரிலிருந்து மூன்று, மூன்றரை யூனிற் கறண்ட் போதும். கணக்குப் பார்க்கும்போது உங்கள் பில்லில் ஆகக் கூடின படியின் விலையைப் போடுங்கள், மேலதிக யூனிற் அங்கேதான் விழும். அப்படிப் பார்த்தாலும் கறண்ட் பக்கம் இலாபம் வரலாம், பற்றறித் தேய்மானத்தைச் சேர்க்காதவரை. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோம், அதே வருடம் மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணி நேரம் கறண்டும் இல்லை. அதனால் அந்த நினைவை வைத்து எந்தப் பக்கமும் சாய வேண்டாம். கூரையில் சோலார் இருந்தாலும், பற்றறி இல்லாமல் மின்சார சபை லைனோடு சேர்த்த சாதாரண இணைப்பு என்றால் கறண்ட் போனவுடன் அதுவும் நின்றுவிடும்.

சரி, பற்றறியை எப்படிப் பார்ப்பது? முழுச் சார்ஜில் வைக்கச் சொல்லி, ஹைட்ரோமீற்றரோடு (பற்றறி அசிற்றின் அடர்த்தியை அளக்கிற கருவி) போங்கள். பற்றறிக்குள் இருக்கிற ஒவ்வொரு அறையும் ஒரு செல், நல்ல செல் 1.265க்கு மேல் காட்டும். ஒரு செல்லுக்கும் மற்றதுக்கும் 0.05 வித்தியாசம் வந்தால் அந்தப் பற்றறி போய்விட்டது. பிறகு நாலு உர மூடையை ஏற்றி மணலில் ஓட்டுங்கள், ஒருவர் பக்கத்தில் நடந்து வரட்டும். நிறுத்திய கையோடு ஆறு பற்றறியையும் வோல்ற் மீற்றரால் அளவுங்கள். ஒருமுறை நான் பார்த்த வண்டியில் ஐந்து ஒழுங்காக நிற்க, ஆறாவது மட்டும் ஒன்றரை வோல்ற் விழுந்தது. விற்றவர் "ஒன்றுதானே" என்றார். எல்லாம் ஒரே சங்கிலி, அந்த ஒன்று எவ்வளவு ஓடுமோ அவ்வளவுதான் வண்டியும் ஓடும்.

வாங்கினால் இரண்டு விஷயம். கடற்கரைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றறிக்கு ஊற்றவே வேண்டாம், உப்பு அதைக் கொன்றுவிடும். சார்ஜ் ஏறும்போது பற்றறியிலிருந்து ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும். நுளம்புக்குப் புகை போடுகிற மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டமான கொட்டிலில் சார்ஜ் போடுங்கள்.

என் முடிவு இதுதான். தோட்டத்துக்குள் பாதைக்குக் கிறவல் போட்டிருக்கிறீர்களா, கொட்டிலில் கறண்ட் இருக்கிறதா, பற்றறியும் தேறுகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பற்றறி வண்டியை எடுங்கள். விடியற்காலையில் சத்தமில்லாமல் புல் ஏற்றி வரலாம், மாடும் மிரளாது. யானை நடமாட்டம் இருக்கிற பக்கம் என்றால் அந்தச் சத்தமின்மையே ஆபத்து, இருட்டில் வெளிக்கிட வேண்டாம். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் பெற்றோல் வண்டிதான். எதை எடுத்தாலும் பதிவு நம்பர் இல்லாமல் பிரதான வீதியில் ஏற்றாதீர்கள்.

லாண்ட்மாஸ்டரை விற்க வேண்டாம். மாரி பிடித்தால் பள்ளத்துச் சேற்றில் இந்த இரண்டு வண்டியும் சில்லுச் சுற்றி நின்றுவிடும். கயிறு கட்டி இழுக்க அது வேண்டும்.