மாஸ் என்றால் என்ன, பாசி என்றால் என்ன?

(வேலூர் வட்டார வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர் ஒருவரின் பதில்கள்)

காட்பாடி மாணவி: சார், ஈரச் சுவரில் பச்சையாக ஒட்டி வளர்கிற செடிக்கு 'மாஸ்' (moss) என்ற ஆங்கிலப் பெயர் எங்கிருந்து வந்தது?

சதுப்பு நிலத்திலிருந்து வந்ததம்மா. பழைய ஆங்கிலத்தில் 'மோஸ்' என்றால் கால் புதைகிற ஈர நிலம். அந்த நிலத்தில் மண்டிக் கிடக்கிற செடிக்கும் பிறகு அதே பெயர் ஆகிவிட்டது. வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் சதுப்பை இன்றைக்கும் மாஸ் என்றே சொல்கிறார்கள். மான்செஸ்டர் பக்கத்தில் 'சாட் மாஸ்' என்று ஒரு இடம் உண்டு. 1830-இல் திறந்த லிவர்பூல்–மான்செஸ்டர் ரயில் பாதை அதன்மேல்தான் போகிறது. புதைகிற அந்த நிலத்தில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சன் சுள்ளிக் கட்டுகளைப் பரப்பி, அதன்மேல் தண்டவாளம் போட்டார். லத்தீனில் இந்தச் செடிக்கு 'மஸ்கஸ்' என்று பெயர். அதுவும் இதற்கு உறவுச் சொல்தான்.

குடியாத்தம் வாசகர்: நம் 'பாசி' எவ்வளவு பழைய சொல், ஐயா?

சங்க காலத்துச் சொல். குறுந்தொகை 399-ஆம் பாட்டில் பரணர் பாடியிருக்கிறார். ஊரார் தண்ணீர் எடுக்கும் துறையில் கை படும்போது பாசி விலகும், கையை எடுத்தால் மறுபடி மூடிக்கொள்ளும். காதலன் தொட்டால் விலகி, விட்டால் படர்கிற பசலையும் (பிரிவால் மேனியில் தோன்றும் நிற மாற்றம்) அப்படித்தான் என்கிறாள் தலைவி. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத பாட்டு இது. பாசி, பசலை, பசுமை எல்லாம் ஒரே வேர். பாசிப்பயறும் அப்படித்தான். ஆங்கிலேயர் இடத்தைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள், நாம் நிறத்தைப் பார்த்து வைத்தோம்.

வேலூர் வாசகர்: அப்படியானால் கோட்டை அகழித் தண்ணீரில் பச்சையாக மிதப்பது மாஸா?

இல்லை. தண்ணீரில் நூல் நூலாகவோ பச்சைக் கரைசலாகவோ தெரிவது ஆல்கா. மாஸ், ஈரமான கல்லிலும் சுவரிலும் ஒட்டி வளரும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் குட்டிக் குட்டி இலைகள் தெரியும். பச்சையாக இருப்பதால் தமிழில் இரண்டும் பாசிதான்.

ஆம்பூர் வாசகி: கல்பாசி, கடல்பாசி?

இரண்டுமே மாஸ் இல்லை. மசாலாவில் போடும் கல்பாசி லைக்கன் வகை. அதில் பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழ்கின்றன. நோன்புக்குக் காய்ச்சுகிற கடல்பாசி, கடலின் சிவப்பு ஆல்காவிலிருந்து எடுப்பது. ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 'ஐரிஷ் மாஸ்' என்பது கடல் ஆல்கா.

ராணிப்பேட்டை வாசகர்: வெயிலில் கருகிப்போன சுவர்ப் பாசி மழை பெய்ததும் எப்படிப் பச்சையாகிறது?

அது செத்திருக்காது, காய்ந்து ஓய்ந்திருக்கும். மாஸுக்கு உண்மையான வேர் கிடையாது, உடம்பு முழுக்கத் தண்ணீரை உறிஞ்சும். அதனால் மழை பட்ட கொஞ்ச நேரத்திலேயே நிறம் திரும்பிவிடும். வீட்டுச் சுவர் என்றால் முதலில் நீர்க்கசிவை அடைத்துவிடுங்கள், அப்புறம் காய்ந்த நாளில் தேய்த்து எடுங்கள். பழைய கோயில் கல்லாக இருந்தால் மட்டும் தயவுசெய்து கம்பி பிரஷ்ஷால் சுரண்டாதீர்கள். பாசியோடு கல்வெட்டு எழுத்தும் தேய்ந்துவிடும்.