மெயிலில் அட்டவணை வராமல் டேக் வருகிறதா? பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள்

கேள்வி: பயிற்சி மையம் நடத்துகிறேன். மாதம் ஒருமுறை 180 பெற்றோருக்கு அவரவர் பிள்ளையின் மதிப்பெண் அட்டவணையை ஜிமெயிலிலிருந்து பைத்தான் ஸ்கிரிப்ட் மூலம் அனுப்பப் பார்க்கிறேன். சோதித்துப் பார்த்தால் அட்டவணை வரவில்லை, எச்டிஎம்எல் டேக்குகள்தான் அப்படியே தெரிகின்றன. ஒருவர், "என் சர்வர் வழியாக அனுப்பினால் நூறு சதவீதம் இன்பாக்ஸில் விழும்" என்று சொல்லி ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கூடாது. இது ஸ்கிரிப்டில் இரண்டு வரியைத் திருத்தினால் தீரும் பிரச்சினை.

டேக் தெரிவதற்குக் காரணம், உங்கள் எச்டிஎம்எல் 'வெறும் எழுத்து' என்ற முத்திரையோடு போய்ச் சேர்வதுதான். முத்திரையில் இருப்பதைத்தான் மெயில் ஆப் நம்பும். பைத்தானிலேயே உள்ள ஈமெயில்மெசேஜ் என்பதைப் பயன்படுத்துங்கள். முதலில் செட்_கன்டென்ட் மூலம் சாதாரண எழுத்தில் மதிப்பெண்களைக் கொடுங்கள். அடுத்து ஆட்_ஆல்டர்நேட்டிவ் மூலம் அட்டவணையைக் கொடுத்து, சப்டைப் 'எச்டிஎம்எல்' என்று குறிப்பிடுங்கள். வரிசை மாறக் கூடாது. தனக்குப் புரிகிற வடிவங்களில் கடைசியாக இருப்பதைத்தான் மெயில் ஆப் காட்டும்.

அலங்காரத்தை எளிமையாக வையுங்கள். விண்டோஸில் நிறுவும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்தே மெயிலை வேர்டின் எஞ்சினைக் கொண்டுதான் காட்டுகிறது. ஃபிளெக்ஸ், கிரிட் போன்ற புதிய பக்க அமைப்பு முறைகள் எதுவும் அதற்குத் தெரியாது. இத்தனை ஆண்டுகளாக இதற்காக எல்லோரும் பழைய டேபிள் முறையைக் கட்டி அழ வேண்டியிருப்பது அநியாயம்தான். வேறு வழியில்லை: டேபிள் போடுங்கள், பேடிங், பார்டர் போன்ற ஸ்டைலை அட்டவணைக் கட்டத்துக்கான ஒவ்வொரு டிடி டேக்குக்குள்ளும் எழுதுங்கள், அகலம் 600 பிக்சலைத் தாண்ட வேண்டாம்.

லாகின் செய்ய போர்ட் 587, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பைக் குறியாக்கம் செய்யும் முறை) போதும். வழக்கமான பாஸ்வேர்டைப் போட்டால் 535 போன்ற பிழைதான் வரும். இருபடிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து கொண்ட 'ஆப் பாஸ்வேர்டு' ஒன்றை உருவாக்கி அதைப் போடுங்கள். அதை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதி வைக்காமல் என்விரான்மென்ட் வேரியபிளில், அதாவது ஸ்கிரிப்டுக்கு வெளியே கணினி அமைப்பில், வையுங்கள்.

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். இருபடிச் சரிபார்ப்பு இயங்கினாலும் சிலருக்கு ஆப் பாஸ்வேர்டு உருவாக்கும் வசதியே கண்ணில் படாது. இருபடிச் சரிபார்ப்புக்குப் பாதுகாப்புச் சாவியை (கணினியில் செருகும் சிறு கருவி போன்றது) மட்டும் வைத்திருந்தால் வராது. கூகுளின் 'மேம்பட்ட பாதுகாப்பு' திட்டத்தில் சேர்ந்திருந்தாலும் வராது. கணக்கு உங்கள் சொந்தக் கணக்காக இல்லாமல் நிறுவனமோ பள்ளியோ கொடுத்ததாக இருந்தாலும் வராமல் போகலாம். அப்போது அதை நிர்வகிப்பவரைத்தான் கேட்க வேண்டும். இன்ன காரணத்தால் இல்லை என்று அந்தப் பக்கத்திலேயே ஒரு வரி சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்? சொல்வதில்லை. "நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம்தான் பிழைப்பு.

நூறு சதவீதம் இன்பாக்ஸ் என்று யாராலும் உறுதி தர முடியாது. எங்கே போட வேண்டும் என்பதைப் பெறுபவரின் மெயில் சர்வர்தான் தீர்மானிக்கிறது. உங்கள் ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு இன்னொருவரின் சர்வரிலிருந்து அனுப்பினால், மெயில் ஜிமெயிலிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் கையொப்பம் அதில் இருக்காது. ஸ்பேமுக்குப் போக அதுவே நல்ல காரணம். பாஸ்வேர்டு கைமாறினால் உங்கள் மெயில் முழுவதும் அவர் கையில். அந்த மெயிலைக் காட்டி வேறு கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றிவிட முடியும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். ஃபார்வர்டிங், ஃபில்டர் இரண்டிலும் தெரியாத முகவரி ஏதும் நுழைந்திருக்கிறதா என்று பாருங்கள். பாஸ்வேர்டை மாற்றியதும் பழைய ஆப் பாஸ்வேர்டு செல்லாமல் போகும். புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 வரை அனுப்பலாம். 180 அதற்குள் அடங்கிவிடும், கட்டணச் சேவை எதுவும் வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் இதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. இணையத்தில் கிடைக்கும் பழைய மாதிரிகளில் மைம்மல்டிபார்ட் என்பதை (பைத்தானில் மெயிலைக் கட்டும் பழைய முறை) லூப்புக்கு, அதாவது ஒவ்வொரு பெற்றோருக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதிக்கு, வெளியே ஒருமுறை உருவாக்கிவிட்டு, உள்ளே பெறுநரையும் அட்டவணையையும் மட்டும் மாற்றுவார்கள். அதில் எதுவும் மாறாது, மேலும் மேலும் சேர்ந்துகொண்டே போகும். இரண்டாவது பெற்றோருக்குப் போகும் மெயிலில் முதல் பெற்றோரின் முகவரியும் அவர் பிள்ளையின் மதிப்பெண்ணும் இருக்கும். 180ஆவது மெயிலில் எல்லோருடையதும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் மெயிலை லூப்புக்கு உள்ளேயே புதிதாக உருவாக்குங்கள். முதலில் உங்கள் சொந்த முகவரிகள் இரண்டுக்கு, இரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணை அனுப்பிப் பாருங்கள். இரண்டாவது மெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால், பெறுநர் வரி ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும்.