எங்கள் பகுதியில் அபாயகரக் கழிவு எரி உலை வரப்போகிறது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் காற்று மாசு பற்றி என்ன கேட்டால் பலன் இருக்கும்?

"வேண்டவே வேண்டாம்" என்று நூறு பேர் எழுந்து சொன்னாலும், கூட்டக் குறிப்பில் அது "எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரு வரியாகத்தான் போகும். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் வாக்கெடுப்புக்கு இடமில்லை. இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கும் இல்லை. ஆனால் எழுப்பப்படும் பிரச்சினைகளுக்கு நிறுவனம் பதில் எழுதி இறுதிச் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில் சேர்த்தே ஆக வேண்டும். அதனால் மழுப்ப முடியாத கேள்வியாகக் கேளுங்கள்.

எரி உலை உள்ள பொது (பல ஆலைகளின் கழிவையும் வாங்கும்) அபாயகரக் கழிவு நிலையம் அந்த அறிவிக்கையில் 'ஏ' பிரிவு, அதாவது மத்திய அரசு அனுமதி தர வேண்டிய வகை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும், ஆட்சியரோ கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை வகிப்பார். முடிவெடுப்பது டெல்லி. அங்கே மத்திய அமைச்சகத்தின் நிபுணர் குழு படிக்கப்போவது கூட்டக் குறிப்பையும் அறிக்கையையும்தான். மேடையில் இருப்பவர்களிடம் கோபத்தைக் கொட்டுவதைவிட, அந்தக் காகிதத்தில் எது ஏற வேண்டும் என்று யோசித்துப் பேசுவது மேல். (தொழிற்பேட்டைக்குள் வரும் திட்டம் என்று சொல்லிக் கூட்டமே வேண்டாம் என்று விலக்குக் கேட்பதும் உண்டு. உங்களுக்குத் தேதி அறிவித்துவிட்டதால் அந்தச் சிக்கல் இல்லை.)

அறிவிப்புக்கும் கூட்டத்துக்கும் இடையே குறைந்தது 30 நாள் இருக்கும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு வைக்கப்படும். தமிழில் கிடைப்பது சுருக்கம் மட்டும். அதில் காற்றைப் பற்றி "பாதிப்பு மிகக் குறைவு" என்பதற்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது. ஆங்கில அறிக்கையில் அத்தியாயம் 2, 3, 4, 6 ஆகிய நான்கையும் படமெடுத்து வந்து, ஊரில் வேதியியல் படித்த யாரையாவது பக்கத்தில் உட்கார வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது புகைபோக்கி அட்டவணை. பொது எரி உலைக்கு 2008-இல் வந்த தரநிலைப்படி துகள் வரம்பு ஒரு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம். புகை ஓட்டம் மணிக்கு 20,000 நார்மல் கன மீட்டர் (நிலையான வெப்ப, அழுத்த நிலைக்கு மாற்றிய கன அளவு) என்றால், வரம்பை ஒட்டி ஓடும்போது மணிக்கு 1 கிலோ தூசு வெளியே போகும். விநாடிக்கு 0.278 கிராம். காற்றில் மாசு எப்படிப் பரவும் என்று கணினியில் கணக்கிடும்போது இந்த எண்ணைத்தான் உள்ளே கொடுத்திருக்க வேண்டும். பல அறிக்கைகளில் அதைவிடக் குறைந்த எண் இருக்கும். 0.14 என்று இருந்தால் அவர்கள் 25 மில்லிகிராமை எடுத்துக்கொண்டு ஊருக்கு வரும் பாதிப்பைக் கணித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மனுவில் இப்படி எழுதுங்கள்: "பக்கம் இன்னது, அட்டவணை இன்னது. துகள் வெளியேற்றம் விநாடிக்கு 0.14 கிராம் எனக் கொள்ளப்பட்டுள்ளது. இது 25 மி.கி. அளவுக்குச் சமம். அனுமதியில் வரம்பை 25 மி.கி. என நிர்ணயிக்க வேண்டும், அல்லது 50 மி.கி. கொண்டு கணிப்பை மறுபடி செய்ய வேண்டும்." இரண்டில் எதற்கு இணங்கினாலும் ஊருக்கு லாபம்.

அடுத்தது ஆக்சிஜன் திருத்தம். இதைக் கேட்பவர்கள் அபூர்வம், கேட்டால் அறிக்கை எழுதிய ஆலோசகரே நிமிர்ந்து உட்காருவார். வரம்புகள் எல்லாம் 11 சதவீத ஆக்சிஜன், உலர்ந்த வாயு என்ற அடிப்படையில் சொல்லப்பட்டவை. புகையோடு வெளிக்காற்று கலந்தால் எண் தானாகவே இறங்கிவிடும். கருவி 30 மி.கி. காட்டுகிறது, புகையில் ஆக்சிஜன் 16 சதவீதம் என்று வையுங்கள். 21-இலிருந்து 11 போக 10. 21-இலிருந்து 16 போக 5. 30-ஐப் பத்தால் பெருக்கி ஐந்தால் வகுத்தால் 60. வாசலில் அளவைக் காட்டும் பலகையில் பச்சை, உண்மையில் வரம்பு மீறல். அந்தப் பலகையிலும் வாரியத்துக்குப் போகும் ஆன்லைன் தரவிலும் திருத்திய எண்ணும், பக்கத்திலேயே ஆக்சிஜன் அளவும் காட்ட வேண்டும் என்று நிபந்தனை கேளுங்கள்.

குளோரின் உள்ள கழிவு எரியும்போது உருவாகும் கொடிய நச்சான டயாக்சின் விஷயம் வேறு. வரம்பு ஒரு கன மீட்டருக்கு 0.1 நானோகிராம், நச்சுச் சமானக் கணக்கில் (ஒவ்வொரு டயாக்சின் வகையையும் அதன் நச்சுத்தன்மைக்கு ஏற்ப எடைபோட்டுக் கூட்டுவது). வாசலில் ஓடும் ஆன்லைன் கருவி இதை அளக்காது. எட்டு மணி நேரம் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். தேதி முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குச் சாதுவான கழிவு உள்ளே போகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆண்டுக்கு எத்தனை முறை, யார் எடுப்பது, அன்று எரிந்த கழிவின் குளோரின் அளவு என்ன, மணிக்கு எத்தனை கிலோ போட்டார்கள் என்பதையும் சேர்த்து வெளியிடக் கேளுங்கள். போபால் யூனியன் கார்பைடு வளாகத்துக் கழிவை 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் பிதாம்பூரில் எரிக்கும் முன் மணிக்கு 135, 180, 270 கிலோ என்று மூன்று வேகத்தில் சோதனை ஓட்டம் நடத்தினார்கள். உங்கள் ஊர் உலைக்கும் அப்படிச் சோதித்துத் தேறிய வேகமே உச்ச வேகம் என்று அனுமதியில் எழுத வேண்டும்.

நல்லபடி ஓடும் உலையை விட, தடுமாறும் உலையே ஆபத்து. இரண்டாம் அறையில் 1100 டிகிரி வெப்பத்தில் புகை இரண்டு விநாடியாவது தங்க வேண்டும்; பிறகு சட்டென்று குளிர வேண்டும். 450 முதல் 200 டிகிரி வரையிலான இடைவெளியில் மெதுவாகக் குளிர்ந்தால் டயாக்சின் மறுபடி உருவாகும். மின்சாரம் போனாலோ, புகையை இழுக்கும் விசிறி நின்றாலோ அவசரப் புகைபோக்கி திறந்துகொள்ளும். அந்த வழியில் தூசைப் பிடிக்கும் பை வடிகட்டியும் கிடையாது, புகையைக் கழுவும் அமைப்பும் கிடையாது; பிரதான புகைபோக்கியில் பொருத்திய கருவி இதைப் பார்க்கவும் பார்க்காது. வெப்பம் இறங்கினால் கழிவு உள்ளே போவது தானாக நிற்குமா, அவசர மூடி திறந்த நேரமும் மூடிய நேரமும் தானாகப் பதிவாகி வாரியத்துக்குப் போகுமா, விசிறிக்கு ஜெனரேட்டர் உண்டா? ஒரே ஒரு கேள்விதான் கேட்க வாய்ப்பு என்றால் இதைக் கேளுங்கள்.

காற்றுத் திசையையும் விடாதீர்கள். பெரும்பாலும் மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்துத் தரவு மட்டும் இருக்கும். மார்ச் முதல் மே வரை அளந்தால், அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வரும் வாடை கணக்கிலேயே வராது. உங்கள் ஊர் உலைக்குத் தென்மேற்கே இருந்தால், அறிக்கையின் வரைபடத்தில் பாதிப்பே இல்லாத ஊராகத் தெரியும். பன்னிரண்டு மாத வானிலைத் தரவோடு கணிப்பைக் கேட்பது நியாயமான கோரிக்கை.

மனுவைக் கூட்டத்துக்கு முன்பே வாரிய அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வெளியூரில் இருக்கும் உங்கள் ஊர்க்காரர்களும் எழுதலாம். நியாயமான அக்கறை உள்ளவர்கள் எழுத்தில் கருத்துச் சொல்ல அறிவிக்கையே இடம் தருகிறது. கூட்டத்தன்று சாப்பாட்டு நேரமானதும் கிளம்பிவிடாதீர்கள். பேசியதன் சுருக்கத்தைக் கடைசியில் தமிழில் வாசித்துக் காட்டி, தலைமை வகித்த அதிகாரி அன்றே கையெழுத்திட வேண்டும். உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சேர்க்கச் சொல்லுங்கள், எல்லாம் வீடியோவில் பதிவாகும்.

பிறகு மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் நிபுணர் குழுவின் கூட்டக் குறிப்புகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள். அனுமதி கிடைத்துவிட்டால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான் அவகாசம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம். அதற்குமேல் ஒரு நாள் தாண்டினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.