மனசு வராமல் செய்தால் அது நடிப்பா?

அன்புள்ள அண்ணனுக்கு,

தாண்டிக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பா உயிரோடு இருக்கும்போதே சித்தப்பா எங்களுடைய இரண்டு ஏக்கர் காப்பித் தோட்டத்தை ஏமாற்றி எழுதி வாங்கிக்கொண்டார். அந்தக் கவலையிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். இப்போது சித்தப்பா பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். பிள்ளைகள் திருப்பூரில். சித்தி ஒருத்தியால் அவரைத் தூக்கி உட்காரவைக்கக்கூட முடியவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். பைபிளைத் திறந்தாலே ‘உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்’ என்பதுதான் கண்ணில் படுகிறது. போகவேண்டும் என்று தெரிகிறது. துளியும் மனசு வரவில்லை. மனசில்லாமல் செய்தால் அது நடிப்புதானே? மனசு மாறும்வரை காத்திருக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காத்திருக்க வேண்டாம். உங்கள் கோபத்தைப் பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாவை அப்படிப் பறிகொடுத்தவனுக்குக் கோபம் வராவிட்டால்தான் கவலைப்படுவேன். அந்தக் கோபத்தோடேயே வேலியைத் தாண்டிப் போங்கள் என்கிறேன்.

நடிப்பு என்றால் பார்க்க ஆள் வேண்டும். பின்வாசல் வழியாகப் போய் ஈரத்துணி மாற்றிவிட்டு வருகிறவனை யார் பார்க்கப்போகிறார்கள்? பிடிக்காததைப் பிடித்ததுபோல் காட்டினால்தான் நடிப்பு. பிடிக்கவில்லை என்பதைக் கடவுளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுச் செய்வதற்குப் பெயர் கீழ்ப்படிதல். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் நடந்தது அதுதான். வரப்போகும் பாடுகளைத்தான் இயேசு பாத்திரம் என்கிறார். ‘இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும்’ என்று இயேசு ஒரு தடவை கேட்டு நிறுத்தவில்லை. மூன்று தடவை அதே ஜெபத்தைச் செய்தார் என்கிறது மத்தேயு. பிடித்திருந்தால் ஏன் மூன்று தடவை கேட்கிறார்? ‘என் சித்தத்தின்படியல்ல’ என்று சொல்லும்போதே, எனக்கென்று வேறொரு விருப்பம் இருக்கிறது என்பதும் அதில் வந்துவிடுகிறது அல்லவா? அதை மறைக்கவேண்டும் என்று அவருக்கே தோன்றவில்லை.

நான் குடியிருக்கும் இதே கொடைக்கானலில்தான் ஐடா ஸ்கடர் தன் கடைசிக் காலத்தைக் கழித்து 1960-இல் காலமானார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கியவர். 1890-களின் தொடக்கத்தில், உடம்பு முடியாத அம்மாவைக் கவனித்துக்கொள்ளத் திண்டிவனம் வந்திருந்த இளம்பெண் அவர். இந்தியாவில் வாழ்நாளைக் கழிக்கத் தனக்கு விருப்பமே இல்லை, அமெரிக்கா திரும்பவே ஆசைப்பட்டேன் என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ராத்திரி, ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றச் சொல்லி அவரைக் கூப்பிட்டார்கள். டாக்டரான அப்பாவை அழைத்துப்போகச் சொன்னார் ஐடா. ஆண் டாக்டரை உள்ளே விடமாட்டோம் என்று மூவரும் திரும்பிப் போய்விட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அவர் மருத்துவம் படிக்கப் போனார், 1900-இல் வேலூருக்கு வந்தார் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். சபைகளில் இதைச் சொல்லும்போது வேலூர்க் கட்டிடங்களோடு முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த ராத்திரிக்கும் விடியலுக்கும் நடுவில் இருந்த நேரம்தான் பெரிதாகப் படுகிறது. தூக்கம் வராமல், ஜெபம் செய்துகொண்டு, வேண்டாம் வேண்டாம் என்றே மனசு சொல்லிக்கொண்டிருந்த நேரம். ஆசை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அவர் கப்பல் ஏறி ஒரேயடியாகப் போயிருப்பார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா குடிகாரர். குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பார். அவர் படுக்கையில் விழுந்து பதினான்கு மாதம் கிடந்தார், நான்தான் பார்த்தேன். முதல் மாதம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தேன். கடைசி மாதத்திலும் சில நாள் அப்படித்தான். மனசு அடியோடு மாறிவிட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒருநாள் அவருக்குச் சவரம் செய்துவிடும்போது, அவர் தாடைக்குக் கீழே எனக்கிருக்கும் அதே பள்ளத்தைப் பார்த்தேன். அன்றைக்கு மட்டும் கை கொஞ்சம் மெதுவாக நகர்ந்தது. தள்ளி நின்று காத்திருந்தால் அதைப் பார்த்திருக்கமாட்டேன்.

அப்புறம் ஒன்று. தோட்டத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. வில்லங்கச் சான்று, பத்திர நகல் எல்லாம் எடுத்து வைத்திருந்தால் பத்திரமாக இருக்கட்டும். வழக்குப் போட்டிருந்தால் அது கோர்ட்டில் நடக்கட்டும். அவர் தலைமாட்டில் அந்தப் பேச்சை எடுக்காதீர்கள். ‘கடவுளுக்குக் கீழ்ப்படிகிறவன் நிலத்தையும் கேட்கக்கூடாது’ என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய விருப்பம். கடவுளின் பெயரில் நம்மிடம் வருகிற எல்லாமே கடவுளிடமிருந்து வருவதில்லை. சத்துருவைச் சிநேகிக்கச் சொன்னவர், ஏமாற்றியது சரி என்று எங்கேயும் சொல்லவில்லை.

சரி, என்ன செய்வது என்று கேட்பீர்கள். பக்கவாதத்தில் அசையாமல் கிடப்பவருக்கு முதுகில் படுக்கைப்புண் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சித்தியால் தனியாக அது முடியாது. நாளைக் காலையில் அதற்கு மட்டும் போங்கள். அவரிடம் பேசவேண்டும் என்றுகூட இல்லை. சித்தி ஒரு பக்கம் பிடிக்கட்டும், நீங்கள் தோள்பக்கம் பிடியுங்கள்.