தியானமும் சைவ உணவும் உடலுக்கும் மனதுக்கும் உண்மையிலேயே நன்மை தருமா?

தரும். ஆனால் எந்த நன்மை எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்வதுதான் கஷ்டம்.

அமெரிக்க மருத்துவர் டீன் ஆர்னிஷ் 1990-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வை இதற்கு அடிக்கடி இழுப்பார்கள். இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தவர்கள் ஒரு வருடம் சைவம் சாப்பிட்டு, யோகா, தியானம் பழகினார்கள்; பலருக்கு அடைப்பு சற்றுக் குறைந்திருந்தது. வாட்ஸ்அப்பில் வருவது இத்தனைதான். சிகரெட்டை விட்டதும், உடற்பயிற்சி செய்ததும், ஆய்வில் இருந்தவர்களே ஐம்பது பேருக்கும் குறைவு என்பதும் வராது. அந்தச் சைவமும் நம் கல்யாணப் பந்திச் சைவம் கிடையாது. மொத்தக் கலோரியில் கொழுப்பு 10 சதவீதம்தான். அப்பளம், வடைக்கெல்லாம் அதில் இடமே இல்லை.

நான் பழகும் தியானம் விபாசனா. அதை 1969-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த எஸ்.என்.கோயங்கா பர்மாவில் பெரிய வியாபாரி. தீராத ஒற்றைத் தலைவலிக்காக ஊ பா கின் என்ற ஆசிரியரிடம் போனார். தலைவலி வைத்தியத்துக்கு என்றால் இங்கே வர வேண்டாம் என்று அவர் முதலில் மறுத்துவிட்டாராம். "பிரஷர் குறையுமா, சுகர் குறையுமா" என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கதையைத்தான் சொல்வது.

விபாசனாவின் 10 நாள் முகாமில் காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். பேச்சு, போன், புத்தகம் எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கருகே மூச்சைக் கவனிப்பதோடு சரி. அப்புறம்தான் உடம்பு முழுக்கக் கவனிப்பது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரச் சொல்வார்கள். கொஞ்ச நேரத்திலேயே முழங்கால் கெஞ்சும், காதோரம் அரிக்கும். சொறியாமல் கவனித்துக்கொண்டே இருந்தால் அந்த அரிப்பு ஏறி, உச்சத்துக்குப் போய், தானாக அடங்கிவிடும். கோபமும் அப்படித்தான். ஆபீசில் எரிச்சலூட்டும் மெயில் ஒன்றைப் படித்ததும் விரல் பதில் தட்டத் துடிக்கும். இப்போதெல்லாம் அதற்கு முன்பே நெஞ்சில் சூடு ஏறுவது தெரிகிறது. தெரிந்துவிட்டால் பாதிப் பதில்கள் அனுப்பாமலே போய்விடுகின்றன. எனக்குக் கிடைத்த பலன் இதுதான். குடும்பத்தில் கேட்டால் இதுவே பெரிய விஷயம் என்பார்கள்.

கடுமையான மனநலப் பிரச்சினைக்குச் சிகிச்சை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இந்த மாதிரி முகாமுக்குப் போக வேண்டாம். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்பார்கள், மறைக்காதீர்கள்.

முகாமில் 11 மணிக்கே மதியச் சாப்பாடு, சைவம்தான். மாலையில் புதியவர்களுக்குக் கொஞ்சம் பழமும் டீயும், அவ்வளவுதான். வயிறு லேசாக இருப்பதால் உட்காரும்போது கண் சொக்குவதில்லை. இது சைவத்தால் வந்ததா, ராத்திரி சாப்பிடாததால் வந்ததா? இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

சைவத்தில் காய், கீரை, பயறு நிறையச் சேர்ந்தால் நார்ச்சத்து கூடும், வயிறு சுத்தமாகும், கொலஸ்ட்ராலுக்கும் நல்லது. நம் வீடுகளில் நடப்பது வேறு. தட்டில் மலை மாதிரி வெள்ளைச் சோறு, அதன் மேல் பருப்பைத் தேட வேண்டிய சாம்பார், ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். இதைச் சைவம் என்பதற்காகவே ஆரோக்கியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சோற்றைக் குறைத்து, ஒரு கிண்ணம் சுண்டலோ கெட்டிப் பருப்போ சேர்த்தால் புரதக் கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வைட்டமின் பி12 விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். செடி கொடியிலிருந்து அது கிடைக்காது. பால், தயிரில் கொஞ்சம் உண்டு. பாலையும் விட்டவர்களுக்கு மாத்திரை தேவை. பி12 குறைந்தால் சோர்வு, மறதி, கைகால் மரத்துப்போவது எல்லாம் வரலாம். "தியானத்தில் மனம் நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பும் சைவக்காரர்கள் ஒரு தடவை ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம். அப்புறம், சாப்பிட்ட கையோடு காபி குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடுங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் அது தடுக்கும். கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொண்டால் நன்றாகவே சேரும்.