என்எஃப்-கப்பா-பி தடுப்பான்கள்: கேள்வி-பதில்

கே: என்எஃப்-கப்பா-பியை (அழற்சி மரபணுக்களை இயக்கும் புரதம்) தடுக்கும் பே 11-7082 தூள் 5 மி.கி. இருக்கிறது. ஸ்டாக் (அடர் கரைசல்) எப்படிப் போடுவது?

மூலக்கூறு எடை 207.25. உலர்ந்த டிஎம்எஸ்ஓ (கரைப்பான்) 2.41 மி.லி. விட்டால் 10 மில்லிமோலார். சிறுசிறு குழாய்களில் பிரித்து உறையவையுங்கள். உருக்கியதை மறுபடி உள்ளே வைக்க வேண்டாம். 1 மி.லி. மீடியத்துக்கு 1 மைக்ரோலிட்டர் என்றால் 10 மைக்ரோமோலார், டிஎம்எஸ்ஓ 0.1%. கன்ட்ரோல் வெல்லுக்கும் அதே டிஎம்எஸ்ஓ போக வேண்டும்.

கே: அதே அளவுதான், ஆனால் லிம்ஃபோசைட்டில் மட்டும் வேலை செய்யவில்லை.

மீடியத்தில் பீட்டா-மெர்காப்டோஎத்தனால் இருக்கிறதா? பே, சிஸ்டீனின் தயோலோடு (கந்தகக் குழு) பிணைகிற சேர்மம். வழக்கமாகச் சேர்க்கும் 50 மைக்ரோமோலார், செல்லுக்குப் போய்ச் சேரும் முன்பே அதைத் தின்றுவிடும். சீரம் ஆல்புமினிலும் தயோல் உண்டு. எனவே 10% சீரத்தில் பார்த்த அளவை 1% சீரத்துக்கு அப்படியே மாற்றாதீர்கள், செல் செத்துவிடலாம். மரபணுக்களை இயக்கும் இன்னொரு புரதமான ஸ்டாட்3-ஐத் தடுக்கும் ஸ்டாட்டிக்கும் இதே ஜாதிதான்: டிடிடி (தயோல் உள்ள டைதயோத்ரெய்டால்) பட்டால் செயலிழக்கும்.

கே: எந்தப் படியில் தடை விழுகிறது என்று எப்படிப் பார்ப்பது?

வெஸ்டர்ன் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) போதும், நேரப்புள்ளிகள் சரியாக இருந்தால். தடுப்பானில் 1 மணி நேரம் வைத்து, இந்தப் பாதையைத் தூண்டும் டிஎன்எஃப்-ஆல்ஃபா 10 நானோகிராம்/மி.லி. சேர்த்து, 0, 5, 15, 30, 60 நிமிடங்களில் செல்லை உடையுங்கள். லைசிஸ் பஃபரில் பாஸ்பட்டேஸ் (பாஸ்பேட்டை நீக்கும் நொதி) தடுப்பான் இல்லையென்றால் பாஸ்போ பட்டை (பாஸ்பேட் ஏறிய புரதத்தின் பட்டை) காணாமல் போய், மருந்து வேலை செய்ததுபோலவே ஏமாற்றும்.

மருந்தில்லாத செல்களில் பெரும்பாலும் 5 நிமிடத்தில் என்எஃப்-கப்பா-பியைப் பிடித்துவைக்கும் ஐ-கப்பா-பி ஆல்ஃபாவின் செரின் 32/36-இல் பாஸ்பேட் ஏறும். 15–30-க்குள் புரதமே மறையும். 60-இல் திரும்ப வரும், ஏனென்றால் அந்த மரபணுவை இயக்குவதே என்எஃப்-கப்பா-பிதான். 60-ஐ மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காததுபோல் தெரியும்.

அந்தப் பாஸ்பேட்டை ஏற்றும் நொதியான ஐகேகே தடைபட்டால் பாஸ்போ பட்டை வராது, மொத்தப் புரதம் நிற்கும். புரதத்தைச் சிதைக்கும் புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி-132 போட்டாலும் மொத்தம் நிற்கும். ஆனால் பாஸ்போ பட்டை குவியும், மேலே யுபிக்விட்டின் (சிதைக்க அடையாளமிடும் சிறு புரதம்) ஏறிய தீற்றலோடு. ஜேஎஸ்ஹெச்-23 வேறு கதை: சிதைவு வழக்கம்போல் நடக்கும், பி65 (என்எஃப்-கப்பா-பியின் ஒரு துணையலகு) உட்கருவுக்குள் போகாது. அதை இம்யூனோஃபுளோரசன்ஸில் (ஒளிரும் ஆன்டிபாடியால் புரதம் இருக்கும் இடத்தைப் பார்க்கும் முறை) அல்லது உட்கருப் பகுதியைத் தனியே பிரித்துப் போட்ட வெஸ்டர்னில் பார்க்கலாம்.

கே: பே போட்டதும் சைட்டோகைன் (செல்கள் வெளியிடும் சமிக்ஞைப் புரதம்) குறைந்தது. “என்எஃப்-கப்பா-பி வழியாக” என்று எழுதலாமா?

கூடாது. 1997-இல் ஐ-கப்பா-பி பாஸ்பேட் ஏற்றத்தைத் தடுப்பதாக அறிமுகமான சேர்மம் இது. 2013-இல் யுபிசி13, யுபிசிஹெச்7 என்ற யுபிக்விட்டின் நொதிகளை முடக்குவது தெரியவந்தது. பிஎம்எஸ்-345541 போன்ற நேரடி ஐகேகே தடுப்பானிலும், பி65 நாக்டவுனிலும் (அதன் அளவைக் குறைத்த செல்களிலும்) அதே விளைவு வந்தால் எழுதுங்கள்.

கே: லூசிஃபரேஸ் ரிப்போர்ட்டர் (என்எஃப்-கப்பா-பி இயங்குவதை ஒளியாகக் காட்டும் மரபணு) இறங்கியது போதாதா?

மருந்து மின்மினி லூசிஃபரேஸையே தடுத்திருக்கலாம். எப்போதும் இயங்கும் புரமோட்டரில் அதே லூசிஃபரேஸை வைத்து இணையாக ஓட்டுங்கள். ரெனில்லா லூசிஃபரேஸ் இதற்கு ஈடாகாது, அது வேறு நொதி.