மிட்டாயே கொடுப்பதில்லை, பிறகு ஏன் ஈறில் ரத்தம்?

தக்கலையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: எட்டு வயது மகளுக்கு டைப் 1 சர்க்கரை (இன்சுலின் ஊசி போட்டே தீர வேண்டிய வகை), மிட்டாயைக் கண்ணில் காட்டுவதில்லை, ஆனாலும் ஈறில் ரத்தம், கடைவாயில் சொத்தை.

மிட்டாயை நிறுத்துவது பாதி வேலைதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறி நின்றால் எச்சிலிலும் கூடும். மூத்திரம் அதிகம் போய் வாயும் காயும். அமிலத்தைக் கழுவ வேண்டிய எச்சில் வற்றினால் சொத்தை விழும். கிருமியை எதிர்க்கும் சக்தியும் மந்தமாவதால் கொஞ்சம் அழுக்குக்கே ஈறு வீங்கும். ஈறு புண்ணானால் சர்க்கரையும் லேசில் இறங்காது.

உங்கள் வீட்டில் ராத்திரி 'லோ' ஆகும்போது, அதாவது ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கும்போது, மார்த்தாண்டம் தேனோ மட்டிப்பழமோ ஊட்டி அப்படியே படுக்க வைப்பீர்கள் என்றே நினைக்கிறேன். தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகக் குறைவு. அந்த இனிப்பு விடியும்வரை பல்லில் கிடக்கும். உடனே சண்டைக்கு வராதீர்கள், இனிப்பைக் குறைக்கச் சொல்லவில்லை. உயிருக்கு அப்புறம்தான் பல். ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே போனால் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ், அதாவது 25 கிலோ பிள்ளைக்கு இரண்டு டீஸ்பூன், தண்ணீரில் கலக்கிக் கொடுங்கள். (உங்கள் டாக்டர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. மயங்கிக் கிடந்தால் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.) 15 நிமிடம் கழித்து விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். ஏறிவிட்டால் வாய் கொப்பளிக்க வைத்து, ஈரத் துணியால் பல்லைத் துடைத்துவிட்டுத் தூங்க விடுங்கள்.

"கருப்பட்டி ஒண்ணும் செய்யாது" என்று சொந்தக்காரர்கள் வருவார்கள். அதுவும் சர்க்கரைதான், பல்லில் ஒட்டவும் செய்யும். உமிக்கரி பல்லைத் தேய வைத்துவிடும். 1000 பிபிஎம் ஃப்ளோரைடு பேஸ்ட், பட்டாணி அளவு, காலையும் இரவும் இரண்டு நிமிடம். துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். ரத்தம் வரும் இடத்தை விட்டுவிட்டுத் தேய்த்தால் ரத்தம் நிற்காது.

"பால் பல்தானே, விழுந்திடும்" என்பவர்களை நம்பாதீர்கள்; கடைவாய்ப் பால் பல் 10, 12 வயதுவரை நிற்க வேண்டியது.

பல் டாக்டரிடம் காலையில், வழக்கம்போல இன்சுலின் போட்டுச் சாப்பிட்ட பிறகு போங்கள். குளுக்கோமீட்டரும் குளுக்கோஸும் கையில் இருக்கட்டும். மரப்பு ஊசி போட்டால் இரண்டு மூன்று மணி நேரம் மென்று சாப்பிட முடியாது. அடுத்த வேளை இன்சுலினை எப்படிப் போடுவது என்று சர்க்கரை டாக்டரிடம் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாயில் கனிந்த பழ வாசம், கூடவே வாந்தி, வயிற்று வலி, வேகமூச்சு என்றால் அது பல் விஷயமல்ல. நேரே ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜோ, பக்கத்தில் இருக்கிற அவசரப் பிரிவோ.